முன் பிரேக்கில் கட்டிய மஞ்சள் துணி

உன் கார்டு நேற்று வந்தது. ஐந்து வரி எழுதியிருக்கிறாய். நான்கு வரி மோட்டார் சைக்கிளுக்கு, ஒரு வரி உன் பெண்டாட்டிக்கு. ஹேண்டில் நிமிர்த்தியாயிற்றா, பெட்ரோல் டாங்கியில் விழுந்த ஒடுக்கை எடுத்தாயிற்றா, பின் டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவும், செயின் தளர்ந்திருந்தால் இழுத்துவிடச் சொல்லவும். கடைசியில், ‘அவள் கை எப்படி இருக்கிறது, வெள்ளிக்கிழமை வந்து இரண்டையும் அழைத்துப் போகிறேன்’ என்று முடித்திருக்கிறாய். இரண்டையும் என்றால் வண்டியையும் அவளையும். அதைப் படித்துவிட்டுக் கார்டை மாடத்தில் வைத்துவிட்டு, கிணற்றுமேடு வரைக்கும் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வீட்டிலேயே இருந்திருந்தால் அதைக் கிழித்திருப்பேன்.

இங்கே யாவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. இங்கே ஒருவரும் சுகமாக இல்லை. இதை உறை ஒட்டாமல்தான் அனுப்பப்போகிறேன். தபாலில் போடுமுன் உன் அம்மாவையும், உன் பெண்டாட்டியையும், நாலு நாளாக நம் வீட்டில் சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற உன் மாமனாரையும் வைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்துக் காட்டுவேன். சேலத்தில் உன்னோடு தங்கியிருக்கிற சிநேகிதர்கள் படித்தாலும் படிக்கட்டும். நீ பி.ஏ. படித்தவன், ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் சங்கங்களுக்கெல்லாம் போய்க் கணக்குப் பார்த்து இது சரி, இது தப்பு என்று எழுதிவிட்டு வருகிறவன். உன் தப்பையும் என் தப்பையும் ஒருவன் எழுதித்தானே ஆகவேண்டும்.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். தலைதீபாவளிக்கு ராசிபுரத்துக்குப் பக்கத்தில் மாமனார் ஊரில் இருந்துவிட்டு, அவர்கள் கொடுத்த பலகாரத் தூக்குப்போசியோடு அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நம் ஊருக்கு வந்தாய். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. ஊருக்கு மேற்கே தரைப்பாலத்துக்கு இறங்குகிற சரிவில், எதிரே கடலைக்காய் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ஏறி வந்தது. நீ இடது கால் பக்கம் இருக்கிற பின் பிரேக்கை ஏறி மிதித்தாய். வண்டி நிற்கவில்லை, பக்கவாட்டில் திரும்பிச் சாய்ந்தது. அவள் விழுந்து இடது முன்கை எலும்பு முறிந்தது. உனக்கு முழங்காலில் தோல் போயிற்று. அன்று சாயங்காலம் பதறி ஓடி வந்த உன் மாமனாரிடம் நீ சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. “நல்லாப் புடிச்சுட்டு உக்காருன்னு ஆயிரம் வாட்டி சொன்னனுங்க மாமா. தூக்குப்போசியப் புடிச்சுட்டு என்னைய உட்டுட்டா. அவ ஆடுனதுல வண்டியே சாஞ்சு போச்சுங்க.”

அவர் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உன் அம்மா பேசினாள். கல்யாணமாகி மூன்று மாதத்தில் புள்ளைக்கு இப்படி ஒரு கண்டம் வந்ததே, யார் வந்த நேரமோ என்று அடுப்படியில் இருந்தபடியே எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அந்தப் பெண் கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மறுநாள் காலையில் நீ பஸ் ஏறிச் சேலம் போய்விட்டாய். நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் திறக்கவில்லை. எனக்கு உன் மேல் இருக்கிற கோபத்தைவிட அந்தப் பத்து நாளின் மேல் இருக்கிற கோபம் பெரிது.

ஏனென்றால் எனக்கு மறுநாளே சந்தேகம் வந்துவிட்டது. தரைப்பாலத்துக்குப் போய்ப் பார்த்தேன். நாற்பது வருஷமாக மண்ணில் தடம் பார்த்துத்தான் எந்த மாடு எந்தக் காட்டில் மேய்ந்தது என்று கண்டுபிடிக்கிறேன், இது பெரிய வித்தையில்லை. முன் சக்கரத்தின் தடம் பட்டை பட்டையாக, கலையாமல், கடைசிவரை உருண்டு போயிருந்தது. பின் சக்கரத்தின் தடத்தில் பட்டையே இல்லை. என் காலடியால் இருபத்திரண்டு எட்டுத் தூரம் சேற்றை வழித்துக்கொண்டு வந்திருந்தது, பாதிக்கு மேல் பக்கவாட்டில் ஒதுங்கி வளைந்திருந்தது. மூட்டை வண்டிக்காரனும் அதையேதான் சொன்னான். “பின்னாடிச் சக்கரம் சுத்தவே இல்லீங்க. சறுக்கிட்டே வந்துச்சுங்க. அந்தப் புள்ள உழுந்தது வண்டி சாஞ்சதுக்கப்புறந்தானுங்க.” இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தும் நான் சும்மா இருந்தேன். வாயைத் திறந்தால் அந்த மஞ்சள் துணியைப் பற்றியும் பேசவேண்டி வருமே என்ற பயம்.

வைகாசியில் பட்டாளத்தார் கழித்துவிட்ட இந்த வண்டியை நீ ஏலத்தில் எடுத்து வந்து வாசலில் நிறுத்தினாய். உன் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து, பையன் ரோட்டில் பத்திரமாகப் போய்வர வேண்டும், மாசித் திருவிழாவுக்குக் குலசாமி கோயிலில் வந்து அவிழ்க்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, எங்கே கட்டலாம் என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். விளக்கின் தண்டில் கட்டினால் அதிர்ச்சியில் அவிழ்ந்து விழும் என்று யோசித்தாள். வலது கைப்பிடியைக் காட்டி, “ஏனுங்க, இங்க கட்டுனா ஆகுமுங்களா? இந்தக் கம்பியப் புடிக்க வேண்டாமுங்களா?” என்று என்னைத்தான் கேட்டாள். ஒன்றும் தெரியாத அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. “அது முன் பிரேக்கு. அதுக்கு வேலையே இல்ல, கட்டு” என்று சொல்லி, காசு முடிச்சு கம்பிக்கு அடியில் வந்து கம்பி அமுங்காதபடி, கைப்பிடிக்கு உள்பக்கத்துத் தண்டில் அவள் கட்ட, அந்தக் கம்பியை நானே பிடித்துக்கொடுத்தேன். அவள் நாலு சுற்றுச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. இனி மகன் நினைத்தாலும் அதைத் தொடமுடியாது என்று.

முன் பிரேக்கின் மேல் எனக்கு ஏன் அத்தனை பகை என்று நீ கேட்டதில்லை. அப்பா ஒரு காலத்தில் வண்டி வைத்திருந்தவர், முன் பிரேக்கால் தூக்கி எறியப்பட்டவர், அனுபவம் பேசுகிறது என்று நினைத்திருப்பாய். அந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஆறு ஏழு வயது இருக்கும்போது, சேலத்தில் வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் அதுதான் முதல் வண்டி. நாமக்கல் தேருக்குப் போய்த் திரும்பி வரும்போது, சந்தைப்பேட்டைத் திருப்பத்தில் கூட்டம் நின்றது. யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று நான் பார்த்தேன். கிழவர் ஒருவர் கும்பிடு போட்டார், தலையை ஆட்டினேன். திரும்பிப் பார்த்தால் எதிரே மணல் குவியல். ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்க, மணலில், கையில் இருந்த முன் பிரேக்கைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். குப்புற விழுந்தேன், கழுத்தெலும்பு போயிற்று. கும்பிடு வாங்கப்போய் விழுந்தேன் என்று வீட்டில் சொல்லமுடியுமா? முன் பிரேக்கு ஆளைக் கவிழ்க்கும், அது எமன் என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். பதினெட்டு வருஷம் கழித்து அந்தப் பொய்யின் மேல்தான் உன் அம்மா மூன்று முடிச்சுப் போட்டாள்.

போன சனிக்கிழமை, நீ சொன்னபடி, உன் வண்டியைக் கட்டை வண்டியில் ஏற்றி நாமக்கல்லுக்குக் கொண்டுபோனேன். அங்கே பட்டாளத்தில் இருந்து வந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். யுத்தத்தில் நாலு வருஷம் இதே மாதிரி வண்டியில் கடுதாசி கொண்டுபோய்க் கொடுத்தவராம். அவர் வளைந்த ஹேண்டிலைப் பார்க்கவில்லை, டாங்கியைப் பார்க்கவில்லை. மஞ்சள் துணியைப் பார்த்தார்.

“இத யாருங்க கட்டுனது?”

“எங்க ஊட்டுல. சாமி காரியம். மாசி வரைக்கும் அவுக்கக் கூடாது.”

“எதுக்கு வேண்டிக்கிட்டீங்க?”

“பையன் பத்திரமாப் போய்வரணும்னு.”

அவர் அந்த முடிச்சைத் தொட்டுக் காட்டினார். “காப்பாத்தச் சொல்லிச் சாமியக் கூப்புட்டுப்போட்டு, அது புடிக்கற கம்பியவே கட்டி வெச்சிருக்கீங்களே. இத அவுக்காம நான் இந்த வண்டியத் தொடமாட்டனுங்க. எடுத்துட்டுப் போயிருங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம் ஊர் எருமப்பட்டியில் என்னிடம் யாரும் அப்படிப் பேசினதில்லை. முன் பிரேக்கு ஆளைக் கவிழ்க்கும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பார வண்டி இறக்கத்துல எறங்கறப்போ பாரம் எங்கீங்க போவும்?” மாட்டுக் கழுத்துக்கு என்றேன். இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். முன்பாரம் ஏறுகிறது, மாடு கால் ஊன்றித் தாங்குகிறது, பின்பக்கம் லேசாகிவிடுகிறது. “மோட்டார் வண்டிய நிறுத்தறதும் அப்படித்தானுங்க. பிரேக்குப் போட்டதும் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போயிருது. முன்னதுதான் மண்ணை அமுத்திப் புடிச்சுட்டு நிக்குது. பின்னது லேசாயிருது. லேசான சக்கரத்தப் போய் மிதிச்சா அது சுத்தறத நிறுத்திப்போட்டு சறுக்குமுங்க. வண்டி நிக்காதுங்க.”

வண்டிக்குப் பாரம் ஏற்றுவதில், முன்பாரம் பின்பாரம் பார்ப்பதில், இந்தத் தாலுகாவிலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று திரிந்தவன் நான். ஒரு மூட்டையை ஒரு சாண் நகர்த்தினால் மாட்டுக்கு எவ்வளவு நோவு குறையும் என்று எனக்குத் தெரியும். அந்த அறிவை ரப்பர் சக்கரத்தின் மேல் ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பெண்ணின் கை முறிந்திருக்காது.

துணியை நான்தான் அவிழ்த்தேன். கிழக்கே பார்த்துச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, காசை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் ஹேண்டிலை நிமிர்த்தி, முன் பிரேக்கு ஒயரில் ஆறு மாதத் துருவைத் துடைத்து எண்ணெய் விட்டார். பிறகு திருச்சி ரோட்டில் சுண்ணாம்புக் கல்லால் ஒரு கோடு போட்டார். ஒரே வேகத்தில் மூன்று தடவை வந்து அந்தக் கோட்டில் பிரேக் போட்டார். காலால் மட்டும் மிதித்தபோது நான் எட்டுப் போட்டு அளந்தேன், முப்பது எட்டு. கையால் மட்டும் பிடித்தபோது இருபது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது பதினாறு. முப்பதுக்கும் பதினாறுக்கும் நடுவில் இருக்கிற பதினாலு எட்டில்தான் உன் பெண்டாட்டியின் கை முறிந்தது. நீ கணக்கில் நல்ல மார்க்கு வாங்கினவன், பார்த்துக்கொள்.

அப்புறம் நானே ஏறினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதில், நாமக்கல் கடைவீதி சிரிக்கச் சிரிக்க ஏறினேன். முதல் தடவை கம்பியை வெடுக்கென்று பிடித்தேன், வண்டி முன்னால் குனிந்து என்னைப் பயமுறுத்தியது. அவர் ஓடி வந்தார். “புடுங்காதீங்க. மாட்டுக்காம்பு புடிக்கற மாதிரி புடிங்க. மொதல்ல மெதுவா, அப்புறம் அழுத்தி. சொடுக்குனா ஒதைக்குமுங்க.” காலையில் எழுந்ததும் பால் கறக்கிற கைக்கு அதைச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டியிருந்தது. நாலாவது தடவை கோட்டிலிருந்து பதினேழு எட்டில் நின்றேன். நின்ற பிறகும் அந்தக் கம்பியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். பயத்தால் இல்லை, பதினெட்டு வருஷத்துக் கோபம்.

இப்போது நீ கவனமாகப் படி. காலும் கையும் சேர்ந்து வேலை செய்யவேண்டும். காலை மெதுவாக வைத்துக்கொண்டே கையை அழுத்தவேண்டும். ஹேண்டில் நேராக இருக்கும்போது அழுத்து. திருப்பத்துக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடாதே, திருப்பம் வருமுன்பே வேகத்தைக் கொன்றுவிடு. மணலிலும் சேற்றிலும் முன்னதை விரல் நுனியால் பிடி, பிடிக்காமல் மட்டும் இருக்காதே. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்பாரம் ஏறும், அப்போது காலுக்கு முன்னைவிடக் கொஞ்சம் வேலை கொடுக்கலாம், ஆனால் வண்டி கனமாக இருப்பதால் நிற்கத் தூரமும் அதிகம் வேண்டும். பின் சக்கரம் சறுக்குவது தெரிந்தால் காலை இளக்கு. இதையெல்லாம் ரோட்டில் பழகாதே. நம் களத்தில் தார்க்குச்சியால் கோடு போட்டு, கை தானாகப் போகிறவரைக்கும் ஐம்பது தடவை, நூறு தடவை நின்று பழகு.

இவ்வளவையும் எழுதும்போதே எனக்கு மறுபடி ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் இதில் பாதி உனக்கு முன்பே தெரியும். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வைகாசியில் நீதான் எனக்கு ஏடு ஏடாக வாசித்து அர்த்தம் சொன்னாய். நாமக்கல்லில் இருந்து வந்ததும் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியாரிடம் போனேன். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும் என்று படம் போட்டு இருக்கிறது, அந்த இடத்தில் நீயே பென்சிலால் கோடும் போட்டிருக்கிறாய். எனக்கு வாசிக்கும்போது அந்த ஏட்டைத் தாண்டிவிட்டாய். அப்பாவோடு எதற்கு வாதம், அம்மா கட்டினதை எதற்கு அவிழ்க்கவேண்டும் என்று விட்டிருப்பாய். சாமிக்குப் பயந்தேன் என்று மட்டும் சொல்லாதே. குலசாமி கோயிலுக்கு வரச்சொன்னால் ஆபீசில் வேலை என்கிறவன் நீ. பெரியவர்களோடு மோதச் சோம்பல் பட்டுக்கொண்டு, அரை பிரேக்கோடு ஆறு மாதம் ஓட்டினாய். அதில் ஒரு வீட்டுப் பெண்ணையும் ஏற்றினாய். தெரியாமல் செய்தது என் பங்கு. தெரிந்து ஓட்டியது உன் பங்கு. எதுவுமே செய்யாதவள் கையில் கட்டோடு கிடக்கிறாள்.

வாத்தியார் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது, உன் அம்மா உன் காக்கிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். விழுந்த அன்று நீ போட்டிருந்த சட்டை. முழங்கை கிழிந்திருக்கும் என்று நினைத்து வாங்கிப் பார்த்தேன். முழங்கையில் சேறு மட்டும்தான். கிழிசல் முதுகில், இடுப்புக்கு மேலே இருந்தது. பட்டாளத்துக் கெட்டித் துணி, ஒரு பிடி அகலத்துக்குக் கீழ்நோக்கி இழுபட்டுக் கிழிந்திருந்தது. நாலு விரல் நகம் பட்ட இடம் தனித்தனியாகத் தெரிந்தது. சட்டையை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் போனேன்.

“அம்மணி, நீ கைய உட்டியா?”

“இல்லீங்க மாமா.”

“அப்பறம் ஏன் இத்தன நாளும் சொல்லுல?”

“அவுங்க சொன்னதுக்கு மாறா நான் சொன்னா, அவுங்க பொய் சொன்ன மாதிரி ஆயிருமுங்களே.”

மேற்கொண்டு அவளே சொன்னாள். “வண்டி ஏறறப்பவே கேட்டனுங்க மாமா, அந்தக் கம்பி என்னத்துக்கு, ஏன் கட்டியிருக்குதுன்னு. அத்தை வேண்டுதலு, அதப் பத்தி நீ பேசாதேன்னுட்டாங்க.” ஒரே ஒரு தடவை வண்டியில் ஏறினவள் கேட்ட கேள்வி அது. ஆறு மாதம் ஓட்டினவனும், அந்தக் காலத்திலேயே வண்டி வைத்திருந்தவனும் கேட்காத கேள்வி. அவள் அழவில்லை. நான்தான் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றே, மகளைப் பார்க்க மறுபடி வந்திருந்த உன் மாமனாரை உட்காரவைத்து, துணியை யார் கட்டச் சொன்னது, கம்பியை யார் பிடித்துக்கொடுத்தது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் அம்மாவும் அடுப்படியை விட்டு வந்து, “நாந்தான் நாக்குல நரம்பில்லாமப் பேசிப்போட்டேன்” என்று அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள். உன் மாமனார் எல்லாம் கேட்டுக்கொண்டார். “நீங்க சொன்னீங்க, சரிங்க சம்பந்தி. எம் புள்ள மேல பழி போட்டது நீங்க இல்லீங்களே. கட்டு அவுத்ததும் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயர்றேனுங்க. அப்பறம் பாத்துக்கலாமுங்க” என்றார். அந்த ‘அப்பறம்’ எத்தனை வருஷத்துக்கு நீளும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் பக்கத்தில் அப்படிப் போன பெண்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணிப் பார். நான் அவரைத் தடுக்கப்போவதில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வா. வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஒடுக்கு எடுத்தாயிற்று, செயின் இழுத்தாயிற்று, முன் பிரேக்குக் கம்பியின் மேல் ஒரு நூல்கூட இல்லை. அதனிடம் முதலில் போகாதே. உன் சட்டையைத் தைக்கவேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்லி, நடையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். உள்ளே வந்ததும் அதை எடுத்துப் போட்டுக்கொள். உன் மாமனார் முன்னால் போய், உன் முதுகைக் காட்டி நில். அவர் பார்த்து முடிக்கட்டும். அப்புறம் திரும்பி, உன் வாயால் சொல்.